மலைப் பயணத்துக்கு எந்த மீடியம் ஃபார்மட் கேமரா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்தெழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 35 மி.மீ. ஃபிலிமில் சில ஆண்டுகள் பழகிவிட்டீர்கள். செப்டம்பரில் லடாக் போகிறீர்கள். திரும்பிய பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் நடை தொடரும். எடுத்தவற்றில் நல்ல படங்களை 20×24 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். 35 மி.மீ.-ஐவிடப் பெரிய நெகட்டிவ் தரும் மீடியம் ஃபார்மட் கேமராக்களில் ஹாசல்பிளாட் 500 சி.எம்., மாமியா 7, பென்டாக்ஸ் 67, ஃபுஜி ஜி.டபிள்யூ. 690 ஆகிய நான்கில் எதை வாங்குவது?

நான்கிலும் லென்ஸ் அருமையானது. அதனால் லென்ஸை ஒப்பிட்டு முடிவுக்கு வர முடியாது. நான் உங்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிரைபாட் (முக்காலித் தாங்கி) எடுத்துப் போவீர்களா? 'எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன்' என்பதைப் பதிலாக ஏற்க மாட்டேன். கனத்த பையோடு மூச்சு வாங்க ஏறிய பிறகு, நான்காம் நாள் விடியலுக்கு முன் எழுந்து அதை மறுபடியும் தோளில் போட்டுக்கொள்வீர்களா? இதற்கு நீங்கள் சொல்லும் பதில் கேமராவை முடிவு செய்யும். கேமரா ஃபிலிமை முடிவு செய்யும்.

ஏன் இதை முதலில் கேட்கிறேன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். 35 மி.மீ. ஃபிரேம் 24×36 மி.மீ. 6×7 (செ.மீ.) என்று சொல்லப்படும் ஃபிரேம் உண்மையில் ஏறக்குறைய 56×69 மி.மீ.; பரப்பில் நாலரை மடங்கு. 20×24 அங்குலப் பிரிண்டுக்கு 35 மி.மீ. நெகட்டிவை 21 மடங்கு பெரிதாக்க வேண்டும், 6×7-ஐ 9 மடங்கு பெரிதாக்கினால் போதும். ஒன்பது மடங்கில் தொலைமலையின் பாறை வெடிப்புகள்கூடத் துல்லியமாக நிற்கும். இருபத்தொன்றில் பாறையோடு ஃபிலிமின் துகள்களும் சேர்ந்து தெரியும். நீங்கள் மீடியம் ஃபார்மட்டுக்கு வருவதன் நியாயம் இதுதான், முழுமையான நியாயம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 6×7-இல் 80 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம், உங்கள் பழைய கேமராவில் 40 மி.மீ. லென்ஸ் பார்த்த அகலம். ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், மட்டும் 80 மி.மீ. லென்ஸுக்கு உரியதாகவே இருக்கும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 16 வைத்து, அடிவானம்வரை தெளிவாக வரும்படி ஃபோகஸை அமைத்தால், 35 மி.மீ. கேமராவில் சுமார் 1.7 மீட்டர் தொலைவிலிருந்தே எல்லாம் தெளிவாக இருக்கும். 6×7-இல் அது 3.3 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். முன்னால் கிடக்கும் கூழாங்கற்களும் பின்னால் நிற்கும் மலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 16, எஃப் 22 என்று இறங்கியே ஆக வேண்டும்.

இறங்கினால் என்ன ஆகும்? நல்ல வெயிலில் எஃப் 16-க்கு ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணையொட்டி வரும் என்ற பழைய விதியை அறிந்திருப்பீர்கள். வெல்வியா 50 என்ற ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் அல்ல, நேரடிப் படமாகவே வருவது) போட்டால் 1/50 நொடி. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் இன்னும் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் மூன்று பங்கு வெளிச்சம், போய்விடும். சுமார் 1/12 நொடி. இது பட்டப்பகல் வெயிலில்! சூரியன் எழுவதற்குச் சற்று முன் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் எஃப் 16 வைத்தால் அரை நொடியோ அதற்கு மேலோ ஆகும். கை நடுக்கத்தில் அந்தப் பெரிய நெகட்டிவின் துல்லியம் கரைந்துவிட்டால் 35 மி.மீ. கேமராவே போதுமே, எதற்கு இவ்வளவு செலவு?

எனவே இரண்டு வழிகள் இருக்கின்றன. டிரைபாட், மெதுவான ஃபிலிம், உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் வ்யூஃபைண்டரில் லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமரா என்பது ஒன்று. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம், கண்ணாடி எழும்பி அடிக்காத, தனிச் சாளரம் வழியாக இரண்டு பிம்பங்களைப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, கையில் பிடித்தே எடுப்பது என்பது மற்றொன்று. இரண்டிலும் நல்ல படம் வரும். இரண்டையும் கலந்தால்தான் தொல்லை.

முதல் வழிக்காரர்களுக்கு பென்டாக்ஸ் 67 மீது எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. 1969-இல் வந்த கேமரா; பழைய எஸ்.எல்.ஆர். ஒன்றைப் பெரிதாக்கியது போன்ற வடிவம், பழகுவது எளிது. 45 மி.மீ., 55 மி.மீ. அகலக்கோண லென்ஸ்கள் நிலக்காட்சிக்கென்றே செய்தவை போலிருக்கும். ஆனால் மீட்டர் பிரிஸத்தோடும் (ஒளியளக்கும் மீட்டர் கொண்ட வ்யூஃபைண்டர்) 105 மி.மீ. லென்ஸோடும் இரண்டேகால் கிலோவுக்கு மேல் எடை. அதன் பெரிய கண்ணாடி எழும்போது கேமராவே அதிர்வதைக் கையில் உணரலாம். கண்ணாடியை முன்கூட்டித் தூக்கி நிறுத்தும் வசதி பழைய உடல்களில் சிலவற்றில் கிடையாது. அது இல்லாததை நிலக்காட்சிக்கு வாங்காதீர்கள். தூக்கி நிறுத்தினாலும் அகன்ற துணி ஷட்டர் ஓடும் அதிர்ச்சி மிச்சமிருக்கும், அதைத் தாங்க டிரைபாடும் கனமானதாக வேண்டும். கேமராவின் எடையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டாம் எடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி போனால் படமும் இல்லை. காரை நிறுத்திவிட்டு நூறு அடி நடந்து எடுப்பவருக்கு இது மிக நல்ல கேமரா. கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேலே, பாங்காங் ஏரிக் கரையில் பை சுமந்து நடப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

டிரைபாட் நிச்சயம் என்றால் என் தேர்வு ஹாசல்பிளாட். 80 மி.மீ. லென்ஸும் ஃபிலிம் பேக்கும் (ஃபிலிம் இருக்கும், கழற்றக்கூடிய பின்பெட்டி) சேர்த்து ஒன்றரைக் கிலோ அளவில் அடங்கிவிடும். பேட்டரியே கிடையாது, லடாக்கின் இரவுக் குளிரில் கூடாரத்துக்கு வெளியே கிடந்தாலும் காலையில் வேலை செய்யும். ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, மெல்லிய தகடுகள் விரிந்து மூடும் இலை ஷட்டர். கண்ணாடியை முதலில் தூக்கிவிட்டு, சற்றுப் பொறுத்து, கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸை அழுத்தினால் அதிர்வு ஏறக்குறைய இல்லை. லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் போலரைசரைத் திருப்பத் திருப்ப ஏரி நீரின் பளபளப்பு குறைவது கண்ணெதிரே தெரியும். பாதி கறுத்த கிராஜுவேட் ஃபில்டரின் கோட்டை மலை முகட்டில் சரியாக உட்கார வைக்கலாம். தொலைவைச் சுருக்கி எடுக்க நீண்ட லென்ஸும் போடலாம். அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1960-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையருகே நிலவை எடுத்தது ஹாசல்பிளாட்டில், 250 மி.மீ. லென்ஸ் கொண்டுதான். இன்னொரு வசதியும் உண்டு: இரண்டு பேக் வைத்திருந்தால் ஒன்றில் கலர், ஒன்றில் கறுப்பு வெள்ளை, ரோலின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஃபிரேம் சதுரம். உங்கள் 20×24 பிரிண்டுக்கு அதில் ஒரு பட்டையை வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு நான் சொல்வது, வெட்டாதீர்கள், 20×20 போடுங்கள். மலையையும் அதன் மேலுள்ள வானத்தையும் சமமாகக் கொடுக்கச் சதுரத்தைப் போல ஒன்று இல்லை. மேலிருந்து குனிந்து பார்க்கும் வ்யூஃபைண்டரில் இடம் வலம் மாறித் தெரியும், அது சில நாளில் பழகிவிடும். லென்ஸை மாற்றும்போது உடலும் லென்ஸும் இரண்டும் வைண்டு செய்த (சுற்றி முடுக்கிய) நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும், நடு மலையில் சிக்கினால் விடுவிக்கச் சிறு ஸ்க்ரூடிரைவரும் நிதானமும் தேவைப்படும்.

இனி டிரைபாட் வேண்டாம் என்பவர்கள். உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்களும் இந்தப் பக்கம்தான் என்று தோன்றுகிறது. லே நகரின் சந்தை, திக்சே மடத்தின் படிகள், லாமாயுருவைச் சுற்றியுள்ள மஞ்சள் மண்மேடுகள் என்று ஒரே நாளில் மூன்று விதமாக எடுக்க வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று கால்களை விரிக்கப் பொறுமை இருக்காது.

மாமியா 7 இந்த வேலைக்கென்றே 1995-இல் வந்தது. 80 மி.மீ. லென்ஸோடு 1.2 கிலோதான். 6×7 ஃபிரேம், மாற்றக்கூடிய லென்ஸ்கள், உள்ளேயே மீட்டர். அடிக்கும் கண்ணாடி இல்லாததால் 1/60 நொடியிலும், பழகிய கையில் 1/30-இலும் தெளிவான படம் வரும். அதன் அகலக்கோண லென்ஸ்களின் கூர்மையை மற்ற மூன்றிலும் பார்க்க முடியாது என்று தயங்காமல் சொல்வேன். நிலக்காட்சிக்கு ஒரே லென்ஸ் என்றால் 80-ஐ விட 65-ஐ எடுப்பேன். விலைதான் தடை. 43 மி.மீ. லென்ஸுக்குத் தனி வ்யூஃபைண்டர் மேலே மாட்ட வேண்டும். 210 மி.மீ. லென்ஸ் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையாது. ஷட்டர் மின்சாரத்தில் ஓடுகிறது, கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் வைத்திருக்க வேண்டும். மின்னணுப் பகுதி பழுதானால் எல்லா மெக்கானிக்கும் கை வைக்க முடியாது. உங்கள் சேமிப்பில் பெரும் பகுதியை இப்படி ஒரு பொருளில் போடுவது உங்கள் மனநிலையைப் பொறுத்தது. தொட்டுப் பயன்படுத்த அஞ்சும் கேமரா பயணத்துக்கு ஆகாது.

நான் உங்களுக்குச் சொல்வது ஃபுஜி ஜி.டபிள்யூ. 690. 1980-ஐ ஒட்டித் தொடங்கிய வரிசை. 1992-இல் வந்த மூன்றாம் பதிப்பு கிடைத்தால் நல்லது, இரண்டாம் பதிப்பும் குறைவில்லை. 90 மி.மீ. லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டது, 35 மி.மீ. கணக்கில் 39 மி.மீ. அளவு. அதைவிட அகலம் வேண்டுவோருக்கு 65 மி.மீ. லென்ஸோடு ஜி.எஸ்.டபிள்யூ. என்ற உடன்பிறப்பு உண்டு. மீட்டர் இல்லை, பேட்டரி இல்லை, ஒன்றரைக் கிலோ. பெரிய உடம்பு, ஆனால் கழுத்தில் தொங்கினால் உறுத்தாது. மாமியாவின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கும். 6×9 ஃபிரேம் உங்கள் 35 மி.மீ. கேமராவின் அதே விகிதம். கண் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. 20×24-க்கு இரு ஓரங்களையும் சற்று வெட்டினாலும் மிஞ்சுவது ஒரு முழு 6×7 அளவு. லடாக் பள்ளத்தாக்குகளின் அகலத்துக்கு 20×30 போடுவது இன்னும் பொருத்தம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: ஒரு நொடிக்கு மேற்பட்ட எக்ஸ்போஷருக்கு 'பி' (அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஷட்டர் திறந்திருப்பது) இல்லை, 'டி' மட்டும்தான். அழுத்தினால் ஷட்டர் திறந்தே இருக்கும். மூடுவதற்கு வேக வளையத்தைத் திருப்ப வேண்டும் அல்லது ஃபிலிமைச் சுற்ற வேண்டும்; எப்படிச் செய்தாலும் கேமரா அசையும். முதலில் தொப்பியால் லென்ஸை மறைத்துவிட்டுப் பிறகு வளையத்தைத் திருப்புங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரில் போலரைசர் போட முடியாது என்பார்கள். முடியும். ஃபில்டரைக் கண்ணருகே பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். வேண்டிய விளைவு வந்ததும் அதன் விளிம்பில் எந்த எழுத்து உச்சியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸில் மாட்டி அதே எழுத்தை உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது. ஆனால் பாங்காங் போன்ற உயரத்தில் வானம் ஏற்கெனவே அடர்ந்த நீலம். போலரைசரை முழுவதும் திருப்பினால் கறுத்துவிடும், பாதியோடு நிறுத்துங்கள். கறுப்பு வெள்ளைக்கும் அங்கே மஞ்சள் ஃபில்டர் போதும், சிவப்பு வேண்டாம்.

கிராஜுவேட் ஃபில்டரைத்தான் ரேஞ்ச்ஃபைண்டரில் நம்பி வைக்க முடியாது. இங்கேதான் ஃபிலிம் வந்து கைகொடுக்கிறது. லடாக்கில் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. அதன் தாங்குதிறன் ஐந்து ஸ்டாப் அளவுதான். கலர் நெகட்டிவ் தாராளமாகத் தாங்கும். போர்ட்ரா 400 என்ற கலர் நெகட்டிவை ஐ.எஸ்.ஓ. 200 என்று மீட்டரில் வைத்து நிழலை நோக்கி அளந்து எடுங்கள். பனிமுகட்டின் வெண்மையும் அடிவாரத்தின் கருமையும் இரண்டும் நெகட்டிவில் இருக்கும். போர்ட்ரா 400 வெயிலில் போலரைசரோடுகூட எஃப் 16-இல் கையில் பிடிக்கும் வேகம் தரும். வெல்வியாவை லடாக்குக்கு வேண்டாம் என்பேன். அதை மழைக்கால மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனியும் நனைந்த பச்சையும் வேறுபாடு குறைந்த வெளிச்சமும் அந்த ஃபிலிமின் சொந்த ஊர். ஆனால் சோலைக்காட்டுக்குள் ஐ.எஸ்.ஓ. 50 என்றால் நொடிக்கணக்கில் ஆகும்; அங்கே டிரைபாட் கட்டாயம். ஸ்லைடு கழுவும் லேப்களும் அருகிவிட்டன. எங்கே கழுவப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ஃபிலிம் வாங்குங்கள்.

இந்தக் கேமராக்களுக்கான 120 ஃபிலிம் ரோலை இதுவரை தொட்டதில்லை என்கிறீர்கள். கோடக் 1901-இல் கொண்டுவந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. இதற்கு உலோகக் கூடு கிடையாது. ஃபிலிமின் முதுகோடு சுற்றியிருக்கும் காகிதம் ஒன்றுதான் வெளிச்சத்துக்குத் தடுப்பு. ஒட்டுச்சீட்டைக் கிழித்ததும் கட்டைவிரலை ரோலின் மேல் அழுத்தி வையுங்கள். கேமராவின் முதுகை மூடும்வரை சுருள் தளரக்கூடாது. காகித நுனியைக் காலி ஸ்பூலின் பிளவில் நேராகச் செருகி, அதில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி கேமராவின் குறிக்கு எதிரே வரும்வரை சுற்றி மூட வேண்டும். கடைசி ஃபிரேம் எடுத்ததும் காகிதம் முழுவதும் மறுபக்கம் சுற்றிக்கொள்ளும், ரீவைண்டு கிடையாது. எடுத்த ரோலை இறுக்கி, பசை நாடாவை ஈரப்படுத்தி ஒட்டுங்கள். இதையெல்லாம் வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலிலேயே செய்யுங்கள். 690-இல் ரோலுக்கு எட்டே படம். ஒருநாளில் பலமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் வீட்டில் ஒரு பழைய ரோலை வைத்துக் கை பழகிக்கொள்ளுங்கள்.

690-ம் உங்கள் கைக்கு எட்டவில்லையென்றால் யாஷிகா மேட் 124 ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமரா இருக்கிறது. ஒரு கிலோ சொச்சம், சதுர ஃபிரேம், சத்தமில்லாத ஷட்டர். அதிலுள்ள மீட்டரை மறந்துவிட்டுத் தனி மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே பழைய சரக்கு என்பதால் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் முதல் எதிரி. அபெர்ச்சரை முழுவதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நூல்நூலாகக் கிளைத்திருந்தால் விட்டுவிடுங்கள். இலை ஷட்டர் என்றால் ஒரு நொடி வேகத்தில் வைத்துக் காதருகே பிடித்துக் கேளுங்கள். தயங்கித் தயங்கி ஓடினாலோ பாதியில் நின்றாலோ உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது, சர்வீஸ் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் தொலைவிலுள்ள மொபைல் கோபுரம் ஒன்றைப் பாருங்கள்; லென்ஸை முடிவிலிக்குத் திருப்பினால் இரண்டு பிம்பமும் பொருந்தி ஒன்றாக வேண்டும், மேலும் கீழுமாக விலகியிருக்கவும் கூடாது. ஃபுஜியின் அடியில் உள்ள எண்ணி எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும். அது பத்துப் பத்தாக எண்ணும் என்பதை நினைவில் வையுங்கள். ஹாசல்பிளாட் பேக்கில் கூட்டின் எண்ணும் உள்ளிருக்கும் பகுதியின் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் ஒத்துப்போக வேண்டும். பென்டாக்ஸ் 67-இல் மீட்டர் பிரிஸத்தை முதலில் மாட்டி, லென்ஸை அடுத்து மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே மெல்லிய சங்கிலி அறுந்துபோகக்கூடும். வாங்கும்போது அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

வாங்கிய கையோடு ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட வேண்டும். லடாக்கில் வைத்து முதல் ரோலைப் போடக்கூடாது. கையடக்க லைட் மீட்டர் ஒன்றுக்கும், எந்த வழியில் போனாலும் கேபிள் ரிலீஸ் ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். இருபது ரோல் என்பது 690-இல் 160 படம். இந்தப் பயணத்துக்கு அது போதும். விமானத்தில் ஃபிலிமைச் சரக்குப் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள், அங்குள்ள எக்ஸ்ரே நிச்சயம் புகைமூட்டும். கைப்பைக்கும் சில விமான நிலையங்களில் வலிமையான எக்ஸ்ரே கொண்ட சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அதில் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமும் கெடும் என்று கோடக்கும் இல்ஃபோர்டும் எச்சரிக்கின்றன. ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாக வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். நேரம் ஆகும், அதனால் வரிசைக்கு முன்னதாகவே போய்விடுங்கள். கேமராவுக்குள் பாதி எடுத்த ரோலை விட்டுவைத்து ஸ்கேனருக்குள் அனுப்பாதீர்கள். முந்தைய இரவே மிச்சமிருக்கும் ஃபிரேம்களை எடுத்து முடித்து, நாடாவை ஒட்டிவிடுங்கள்.